நாட்காட்டியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்: நாய், பூனையோடு வெளிநாடு செல்ல ஆயத்தம்

வெளிநாட்டு வேலை உத்தரவு வந்ததும் விசா, வாடகை வீடு, பிள்ளைகளின் பள்ளி என்று பட்டியல் போடத் தொடங்குகிறோம். வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் அந்தப் பட்டியலின் முதல் வரி அதற்குரியது. உங்கள் விசா சில வாரங்களில் கைக்கு வந்துவிடும். சென்னையில் வளர்கிற நாய் ஜெர்மனிக்கோ பிரான்சுக்கோ போக, ஒரு தாளும் பிசகாமல் எல்லாம் நடந்தாலும் நான்கு மாதம் ஆகும். சிப்போ செல்லுபடியாகும் தடுப்பூசியோ இல்லாத பிராணி என்றால் ஆறு மாதம் என்று மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இத்தனை காலம் பிடிப்பதற்குக் காரணம் ரேபீஸ் என்ற வெறிநோய். ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் உலக நாடுகளைப் பட்டியலிட்டு வைத்திருக்கின்றன. வெறிநோய் கட்டுக்குள் இருக்கும் நாடுகள் அதில் இருக்கும். இந்தியா இல்லை. பட்டியலில் இல்லாத நாட்டிலிருந்து வரும் நாய்க்கும் பூனைக்கும் தடுப்பூசிச் சீட்டு மட்டும் போதாது. ஊசி உடம்பில் வேலை செய்திருக்கிறதா என்று இரத்தத்தைச் சோதித்துக் காட்ட வேண்டும். சோதனையில் தேறிய பிறகும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். வெறிநோய்க் கிருமி உடம்புக்குள் புகுந்து வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். ஊசி போடும் முன்பே தொற்றியிருந்தால் அது இந்த மூன்று மாதத்துக்குள் வெளிப்பட்டுவிடும் என்பதே கணக்கு. இதைப் புரிந்துகொண்டால், பணம் கட்டி இந்தக் காத்திருப்பைக் குறைக்க முடியாது என்பதும் புரியும். குறைத்துத் தருகிறேன் என்று எந்த முகவராவது சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

வரிசை இதுதான். முதலில் மைக்ரோசிப். அதன் பிறகு, அல்லது அதே நாளில் சிப்பைப் பொருத்திய கையோடு, ரேபீஸ் ஊசி. ஊசி போட்டு 30 நாளாவது கழித்து இரத்தம் எடுப்பது. இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம். கடைசியாக, போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய 10 நாளுக்குள் அரசு கால்நடை அதிகாரியின் சான்றிதழ். இந்த வரிசையில் ஒரு படி முன்பின்னாக மாறினால் அந்தப் படியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். சிப் இல்லாத நாய்க்குப் போட்ட ஊசி, அது எவ்வளவு நல்ல ஊசியாக இருந்தாலும், ஐரோப்பியக் கணக்கில் போடாத ஊசியே.

ஆகவே நாட்காட்டியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். செப்டம்பர் 1 அன்று ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்க வேண்டும் என்றால், ஜூன் 1-க்குள் இரத்தம் எடுத்திருக்க வேண்டும். அதற்கு மே 2-க்குள் ஊசி. ஊசிக்கு முன் சிப். இது விளிம்பில் நிற்கும் கணக்கு. இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி போதவில்லை என்று முடிவு வந்தால் மறுபடி ஊசி, மறுபடி இரத்தம், மறுபடி மூன்று மாதம். எனவே மார்ச்சிலேயே தொடங்கிவிடுங்கள். குட்டி என்றால் இன்னொரு தடையும் உண்டு. 12 வாரம் நிறையாத குட்டிக்குப் போட்ட ரேபீஸ் ஊசி செல்லாது. 12 வாரம், 30 நாள், மூன்று மாதம் என்று கூட்டிப் பார்த்தால், இங்கே பிறந்த குட்டி ஏறக்குறைய ஏழு மாத வயதாகும் முன் ஐரோப்பாவில் கால் வைக்க முடியாது.

சிப்பும் ஊசிப் புத்தகமும்

சிப் அரிசி மணி அளவே இருக்கும். இரு தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கு அடியில் ஊசியால் செலுத்துவார்கள். மயக்க மருந்து தேவையில்லை. அது 15 இலக்க எண்ணைக் கொண்ட, ஐ.எஸ்.ஓ. 11784, 11785 தரத்துக்கு உட்பட்ட சிப்தானா என்று கேட்டு வாங்குங்கள். சென்னை மாநகராட்சி வளர்ப்புப் பிராணி உரிமத்தோடு சிப்பையும் கேட்பதால் பல நாய்களுக்கு ஏற்கெனவே பொருத்தியிருக்கிறார்கள். அப்படியென்றால் இரண்டாவது சிப் வேண்டாம். மருத்துவரிடம் ரீடரை வைத்துப் படிக்கச் சொல்லி, திரையில் தெரியும் எண்ணை ஊசிப் புத்தகத்தில் இருக்கும் எண்ணோடு ஒவ்வோர் இலக்கமாக ஒத்துப் பாருங்கள். இரத்தம் எடுக்கும்போதும் சான்றிதழுக்குப் போகும்போதும் இதையே செய்யுங்கள். சிப் சில சமயம் தோலுக்கடியில் நகர்ந்து தோள்பக்கமாக இறங்கிவிடும். ரீடரை முதுகில் மட்டும் வைத்துவிட்டு ‘சிப் இல்லை’ என்று சொல்லும் அவசரக்காரர்கள் எல்லா விமான நிலையங்களிலும் உண்டு. எங்கே படிக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் அந்த இடத்தைக் காட்டலாம்.

ஊசிப் புத்தகம் நம் ஊரில் பெரும்பாலும் அலட்சியமாகவே நிரப்பப்படுகிறது. மருந்து பாட்டிலின் ஸ்டிக்கர், பேட்ச் எண், போட்ட தேதி, எந்தத் தேதிவரை செல்லும், மருத்துவரின் கையெழுத்து, பதிவு எண், முத்திரை ஆகிய எல்லாம் ஒரே வரியில் இருக்க வேண்டும். தேதியில் மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். 05/06 என்றால் நமக்கு ஜூன் 5, அமெரிக்க அதிகாரிக்கு மே 6.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. கிளினிக்கில் இன்ஷியலோடு ஒரு பெயர் எழுதியிருப்பார்கள். பாஸ்போர்ட்டில் அந்த இன்ஷியல் தகப்பனார் பெயராக விரிந்து குடும்பப் பெயர்க் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். பல வீடுகளில் புத்தகம் மனைவி பெயரில் இருக்கும், பயணம் போகிறவர் கணவராக இருப்பார். யார் கூடப் பறக்கப் போகிறார்களோ அவர் பெயரில், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, சிப் பதிவு முதல் இரத்தப் பரிசோதனை விண்ணப்பம்வரை எல்லாத் தாளும் இருக்கட்டும். முதல் நாளே பாஸ்போர்ட் நகலை மருத்துவர் மேசையில் வைத்துவிட்டால் இந்தத் தலைவலி வராது.

ஊசி காலாவதியாக விடாதீர்கள். ஒரு நாள் தவறினாலும், அடுத்துப் போடுவது முதல் ஊசியாகவே எண்ணப்படும். பழைய இரத்தப் பரிசோதனையும் அதோடு செத்துப்போகும். மாறாக, ஒரு முறை தேறிவிட்டு, பூஸ்டரைத் தவறாமல் உரிய தேதிக்குள் போட்டு வந்தால், ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பரிசோதனையைப் பிராணியின் ஆயுள் முழுக்க ஏற்கும். வெளிநாட்டு வாய்ப்பு வரலாம் என்ற நிலையில் இருப்பவர்கள், உத்தரவு வரும்வரை காத்திராமல், இப்போதே சிப், ஊசி, இரத்தப் பரிசோதனை மூன்றையும் முடித்து வைப்பது புத்திசாலித்தனம். போகாவிட்டால் நஷ்டம் பரிசோதனைச் செலவு மட்டுமே.

இரத்தப் பரிசோதனை

கிளினிக்குகளில் இதை ‘டைட்டர்’ என்பார்கள். ஒரு மில்லிலிட்டர் சீரத்தில் 0.5 சர்வதேச அலகுக்குக் குறையாமல் எதிர்ப்புப் பொருள் இருக்க வேண்டும். எந்த ஆய்வகத்திலும் செய்துவிட முடியாது. போகும் நாடு அங்கீகரித்த ஆய்வகமாக இருக்க வேண்டும். ஐரோப்பாவுக்கான பட்டியலும் அமெரிக்காவுக்கான பட்டியலும் வேறு வேறு. இரண்டிலும் இடம்பெற்ற ஆய்வகத்தைத் தேர்ந்தால் பின்னாளில் நாடு மாறினாலும் தாள் வீணாகாது.

இரத்தம் எடுப்பதைவிட அனுப்புவதே கடினம். எடுத்த இரத்தத்தை உறையவிட்டு, சுழற்றி, சீரத்தைத் தனியே பிரித்து, குளிர்ச்சி குறையாமல் கூரியரில் அனுப்ப வேண்டும். சிவப்பணுக்கள் உடைந்து சீரம் சிவந்துவிட்டால் ஆய்வகம் திருப்பிவிடும். ஆகவே இதற்கு முன் வெளிநாட்டு ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பிப் பழக்கமுள்ள கிளினிக்காகப் பாருங்கள். வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. அங்கே விசாரித்தால் நகரில் யார் இந்த வேலையைச் செய்கிறார்கள் என்றாவது தெரிந்துகொள்ளலாம். வியாழன், வெள்ளியில் இரத்தம் எடுக்க வேண்டாம். பார்சல் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஏதோ ஒரு கிடங்கில் கிடக்கும்.

வாழ்நாளில் ஒரே ஒரு ஊசி போட்ட இளம் நாய்கள் 0.5 அளவை எட்டாமல் போவது அரிதல்ல. நேரம் இருந்தால் ஒரு மாத இடைவெளியில் இரண்டாவது ஊசியும் போட்டுவிட்டு இரத்தம் எடுக்கச் சொல்வேன். உண்ணிக் காய்ச்சல் வந்து தேறிக்கொண்டிருக்கும் நாய்க்கு அவசரப்பட்டு ஊசி போட வேண்டாம். நம் ஊர் நாய்களில் உண்ணி பரப்பும் எர்லிகியா, பபேசியா இரண்டும் மறைந்து கிடப்பது சகஜம். எப்படியும் பயணத்துக்கு முன் ஒரு முழு இரத்தப் பரிசோதனை செய்யப் போகிறீர்கள். அதை முதலிலேயே செய்துவிடுங்கள்.

நீங்கள் முதலில், அது பிறகு?

நான்கு மாதம் காத்திருக்க எந்த நிறுவனமும் ஒத்துக்கொள்ளாது. பெரும்பாலோர் தாங்கள் முதலில் போய்விட்டு, நாயை அம்மா வீட்டில் விட்டு, பிறகு ‘கார்கோவில் அனுப்பச் சொல்லலாம்’ என்று நினைக்கிறார்கள். இங்கே ஒரு விதி குறுக்கே நிற்கிறது. ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும், உரிமையாளர் பயணம் செய்த நாளுக்கு முன்போ பின்போ 5 நாளுக்குள் பிராணியும் வந்தால்தான் அது வீட்டுப் பிராணி. அதைத் தாண்டினால் வணிகச் சரக்கு. வணிகச் சரக்குக்கு வேறு சான்றிதழ், வேறு பரிசோதனை, வேறு செலவு.

இதற்கு வழி எளிது. முதல் விடுமுறையை அந்த நான்காவது மாதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு வந்து, கூடவே அழைத்துப் போங்கள். நீங்கள் எழுதிக் கொடுத்த அதிகாரத்தோடு மனைவியோ தம்பியோ கொண்டுவருவதும் செல்லும். ஆனால் அதுவும் உங்கள் பயணத்தின் 5 நாள் கணக்குக்குள்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எல்லாப் பிராணியையும் அழைத்துப் போவது நியாயமில்லை. 13 வயது லாப்ரடார், இதய நோய்க்கு மாத்திரை சாப்பிடும் பொமரேனியன், பிறந்தது முதல் ஒரே தெருவையும் ஒரே திண்ணையையும் அறிந்த பூனை, இவற்றுக்கு ஊரில் அன்பாகப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் கிடைத்தால் அதுவே மேல். ஓராண்டு ஒப்பந்த வேலைக்காகப் போகிறவர்கள் அழைத்துப் போகவே வேண்டாம் என்பது என் கருத்து. பக், புல்டாக், ஷிட்சூ, பாரசீகப் பூனை போன்ற சப்பை மூக்குப் பிராணிகள் தனி வகை. நாய் உடம்புச் சூட்டை மூச்சிரைத்தே தணிக்கிறது. மூச்சுப்பாதை குறுகிய இவற்றுக்கு அது முடியாது. வெப்பமும் பதற்றமும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. பல விமான நிறுவனங்கள் இவற்றைச் சரக்கு அறையில் ஏற்றுவதே இல்லை.

நாட்டுக்கு நாடு

மேலே சொன்னது ஐரோப்பிய ஒன்றியத்துக்கு. அதிலேயே அயர்லாந்து, பின்லாந்து, மால்டா மூன்றுக்கும், வெளியே நார்வே, பிரிட்டனுக்கும் நாய்க்கு நாடாப்புழு மருந்து கொடுத்திருக்க வேண்டும். அதிலும் நேரக்கணக்கு உண்டு. இறங்குவதற்கு 24 மணி நேரத்துக்குக் குறையாமலும் 120 மணி நேரத்துக்கு மிகாமலும் கொடுத்து, மருத்துவர் மணியோடு குறித்திருக்க வேண்டும். பூனைக்கு இது இல்லை.

பிரிட்டனுக்கு இரத்தப் பரிசோதனைக் கணக்கு ஐரோப்பாவுடையதே. ஆனால் விமானத்தில் வரும் நாயும் பூனையும் பயணி அறையிலோ லக்கேஜாகவோ வர முடியாது, கார்கோவாகத்தான் வரலாம். வழிகாட்டி நாய்களுக்கு மட்டும் விலக்கு. ஹீத்ரோவில் இறங்கினால் அங்குள்ள விலங்கு வரவேற்பு மையத்தில் தாள்களைச் சரிபார்த்த பிறகே கையில் தருவார்கள். சில மணி நேரம் ஆகும். பிட்புல் டெரியர், ஜப்பானிய டோசா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரேசிலேரோ, எக்ஸ்.எல். புல்லி ஆகியவை அங்கே தடை. வம்சச் சான்று என்ன சொல்கிறது என்று பார்க்க மாட்டார்கள், தோற்றத்தைப் பார்ப்பார்கள். ஜெர்மனியும் பிட்புல், ஸ்டாஃபர்ட்ஷயர் வகைகள், புல் டெரியர் ஆகியவற்றை உள்ளே விடாது.

அமெரிக்காவில் 2024 ஆகஸ்ட் 1 முதல் நாய்களுக்குப் புது விதி. ஆறு மாத வயது நிரம்பியிருக்க வேண்டும், சிப் வேண்டும், சி.டி.சி. என்ற அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் படிவம் வேண்டும். இந்தியா அவர்கள் கணக்கில் நாய்வெறி அதிகமுள்ள நாடு. ஆகவே இங்கே ஊசி போட்ட நாய்க்கு அரசு அதிகாரி ஒப்பமிட்ட ஊசிச் சான்று தேவை. இறங்கும் விமான நிலையத்தில் சி.டி.சி. பதிவு பெற்ற பராமரிப்பு மையத்தில் முன்பதிவும் செய்திருக்க வேண்டும். அங்கே மருத்துவர் பரிசோதித்து மறுபடி ஒரு ஊசி போடுவார். அங்கீகரித்த ஆய்வகத்தின் டைட்டர் கையில் இல்லாவிட்டால் 28 நாள் தனிமை, உங்கள் செலவில். அந்த மையங்கள் நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ், மயாமி போன்ற ஒரு சில நிலையங்களில்தான் இருக்கின்றன. டாலஸில் வீடு எடுத்திருப்பவரும் முதலில் இவற்றில் ஒன்றில்தான் இறங்க வேண்டும். டிக்கெட் எடுத்தபிறகு இதைக் கண்டுபிடிப்பவர்களே அதிகம். பூனைக்கு இந்தச் சட்டதிட்டம் எதுவும் இல்லை. ஆனால் மாநிலத்துக்கென்று தனி விதி இருக்கலாம், ஹவாய் முற்றிலும் வேறு கதை.

கனடா இவற்றில் எளிது. சொந்த நாய் உங்களோடு வந்தால் ரேபீஸ் ஊசிச் சான்று போதும், இரத்தப் பரிசோதனை கேட்பதில்லை. விற்பனைக்கோ தத்துக்கோ வரும் நாய்களுக்கு மட்டும் 2022 செப்டம்பர் 28 முதல் இந்தியா உள்ளிட்ட நாடுகளிலிருந்து தடை. டொரன்டோவில் இருக்கும் அக்காவுக்குத் தெருவில் எடுத்த குட்டியை அனுப்பி வைப்பது இந்தத் தடையில் வந்து விழும்.

சிங்கப்பூரில் இந்திய நாய்க்கும் பூனைக்கும் 30 நாள் அரசுத் தனிமைக் காப்பகம். இடத்தை முன்பே பதிவு செய்ய வேண்டும். அதற்கும் முன் எந்த வீட்டில் குடியிருக்கப் போகிறீர்கள் என்று பாருங்கள். வீ.வ.க. என்ற அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீடுகளில் அனுமதித்த சிறு இனப் பட்டியலில் உள்ள ஒரு நாய்தான் வைத்துக்கொள்ளலாம். பூனைக்கு 2024 செப்டம்பர் 1 வரை இடமே இல்லை. இப்போது உரிமத்தோடு இரண்டு வரை வளர்க்கலாம். ஜப்பானில் ஒரு மாத இடைவெளியில் இரண்டு ஊசி, இரத்தம் எடுத்த நாளிலிருந்து 180 நாள் காத்திருப்பு, இறங்குவதற்கு 40 நாள் முன் அறிவிப்பு.

ஆஸ்திரேலியாவுக்கு இந்தியாவிலிருந்து நேராகப் போக வழியே இல்லை. அவர்கள் ஏற்றுக்கொண்ட இன்னொரு நாட்டில் அரையாண்டாவது வைத்திருந்து, அங்கிருந்து ஆயத்தம் செய்து, மெல்போர்ன் அருகே மிக்கில்ஹாம் தனிமை மையத்தில் வைத்துத்தான் உள்ளே கொண்டுபோக முடியும். இந்த விஷயத்தில் அவர்கள் யாருக்கும் சலுகை காட்டுவதில்லை. 2015-இல் நடிகர் ஜானி டெப் தம்பதி தங்கள் இரண்டு யார்க்‌ஷயர் டெரியர்களைத் தனி விமானத்தில் சொல்லாமல் கொண்டுவந்தார்கள். நாய்களைத் திருப்பி அனுப்பாவிட்டால் கொன்றுவிடுவோம் என்று அமைச்சரே பகிரங்கமாகச் சொன்னார். நாய்கள் ஊர் திரும்பின. வழக்கு அடுத்த ஆண்டுவரை நடந்தது.

கூண்டு

கூண்டைப் பயணத்துக்கு முந்தின வாரம் வாங்குவது, நான் பார்த்தவரை, தாள்களுக்கு அடுத்தபடியாக மக்கள் செய்யும் பெரிய பிழை. அளவு, பழக்கம் இரண்டுக்கும் காலம் வேண்டும்.

அளவுக்கு ஐயாட்டா என்ற சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் விதி வகுத்திருக்கிறது. நாயை நிற்க வைத்து நான்கு அளவு எடுங்கள். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை நீளம், தரையிலிருந்து முழங்கை மூட்டுவரை உயரம், தோளின் அகலம், தரையிலிருந்து தலை உச்சி அல்லது காது நுனிவரை, எது உயரமோ அது. கூண்டின் உள்நீளம் முதல் அளவோடு முழங்கை உயரத்தில் பாதி. அகலம் தோளகலம்போல் இரண்டு மடங்கு. உயரம் நான்காவது அளவோடு விரிப்பின் கனம். நீளம் 60, முழங்கை 26, தோள் 20, தலை 58 சென்டிமீட்டர் என்றால், கூண்டின் உள்ளளவு குறைந்தது 73-க்கு 40-க்கு 60. சப்பை மூக்கு இனங்களுக்கு இதைவிடப் பத்தில் ஒரு பங்கு பெரிதாக வேண்டும். தலை கூரையில் உரசினால் செக்-இன் மேசையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை வளர்ப்பவர்களுக்கு இங்கே சிரமம். ராஜபாளையத்தின் தோள் உயரமே 65 சென்டிமீட்டருக்கு மேல். தலையைத் தூக்கி நின்றால் கடையில் கிடைக்கும் பெரிய பிளாஸ்டிக் கூண்டும் பற்றாமல் போகலாம். தச்சரிடம்தான் செய்ய வேண்டும். பலகை வேண்டாம், பிளைவுட் போதும். பச்சை மரப் பொதிகளுக்குப் பல நாடுகள் பூச்சி ஒழிப்பு முத்திரை கேட்கும், பிளைவுட்டுக்கு அது இல்லை. பெரிய கூண்டு என்றால் கட்டணமும் ஏறும். கார்கோவில் எடையை மட்டும் பார்ப்பதில்லை, இடத்தையும் பார்க்கிறார்கள். நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுத்து வரும் கிலோவும் உண்மை எடையும் எது அதிகமோ அதற்குப் பணம். 100-க்கு 70-க்கு 75 கூண்டு 87.5 கிலோ. உள்ளே இருக்கும் லாப்ரடார் 32 கிலோதான்.

பிளாஸ்டிக் கூண்டின் இரு பாதியையும் இணைக்கும் கிளிப்புகளை நீக்கிவிட்டு உலோக போல்ட் போடுங்கள். நான்கு பக்கமும் காற்றுத் துளை இருக்க வேண்டும். சக்கரம் இருந்தால் கழற்றிவிட வேண்டும். தண்ணீர்க் கிண்ணம் கதவைத் திறக்காமல் வெளியிலிருந்தே நிரப்பும்படி இருக்க வேண்டும். பூட்டு போடக் கூடாது. அவசரத்தில் திறக்க முடியாமல் போகும். கதவின் நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் டை கட்டினால் போதும்.

இனி பழக்கம். கூண்டு வீட்டுக்கு வந்த நாளே அதன் கதவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் போடுங்கள். சாப்பாட்டுத் தட்டை முதலில் வாசலில், பிறகு நடுவில், பிறகு கடைசி மூலையில் வையுங்கள். தானாக உள்ளே போய்ப் படுக்கும்வரை கதவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பிறகு கதவை மாட்டிச் சில நிமிடம், அரை மணி, மதியத் தூக்கம் முழுவதும், ஓர் இரவு என்று நீட்டுங்கள். அடுத்து கூண்டோடு காரில் ஒரு சுற்று. இதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகலாம். அந்த மூன்று மாதக் காத்திருப்பு உங்களுக்கு உபயோகமாவது இங்கேதான்.

தூக்க மருந்து கொடுக்காதீர்கள். மயங்கிய பிராணியால் ஆட்டத்தில் காலூன்ற முடியாது, உடல் வெப்பத்தைக் காத்துக்கொள்ள முடியாது, இரத்த அழுத்தம் இறங்கும். மயக்கத்தில் இருப்பது தெரிந்தால் விமானத்திலும் ஏற்ற மாட்டார்கள்.

டிக்கெட், சான்றிதழ், பயண நாள்

உயிருள்ள பிராணிக்கு டிக்கெட் எடுக்கும்போது வரிசை மாறும். முதலில் பிராணிக்கு இடம் இருக்கிறதா என்று கேளுங்கள், பிறகு உங்களுக்கு எடுங்கள். ஒரு விமானத்துக்கு இத்தனை பிராணி என்று எல்லை உண்டு. ஐரோப்பிய நிறுவனங்கள் சிலவற்றில் பையோடு சேர்த்து 8 கிலோவரை பயணி அறையில், முன்னிருக்கைக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். எமிரேட்ஸ் பயணி அறையில் நாய், பூனையை விடுவதில்லை, ஆனால் பாகிஸ்தான் செல்லும் சில வழித்தடங்களில் வல்லூறுக்கு இடம் தரும். அரபு நாட்டு வேட்டைப் பழக்கத்துக்கு அவ்வளவு மரியாதை.

சரக்கு அறை பற்றிப் பலர் பயப்படுவதுபோல் இல்லை. பிராணிகள் இருக்கும் பகுதியில் காற்றழுத்தமும் வெப்பமும் பயணி அறையைப் போலவே பேணப்படும். ஆபத்து ஓடுதளத்தில் இருக்கிறது, ஏற்றவும் இறக்கவும் வெயிலில் காத்திருக்கும் நேரத்தில். ஏப்ரல் முதல் ஜூன்வரை சென்னையிலிருந்து பகல் விமானத்தில் நாயை ஏற்றாதீர்கள். நள்ளிரவுக்கு மேல் கிளம்பும் விமானங்களே இதற்கு உகந்தவை. மாற்று விமானம் இல்லாத நேர் வழியே சிறந்தது. இடையில் இறங்கியே ஆக வேண்டுமென்றால் ஃபிராங்க்ஃபர்ட்போல் பிராணிகளுக்கென்று தனிக் கூடம் உள்ள நிலையமாகப் பாருங்கள்.

இந்தியாவை விட்டு வெளியேறும் சான்றிதழை மத்திய அரசின் விலங்குத் தனிமை மற்றும் சான்றளிப்புச் சேவை தருகிறது. ஏ.கியூ.சி.எஸ். என்றே எல்லோரும் சொல்வார்கள். சென்னையில் பள்ளிக்கரணையில் இருக்கிறது. டெல்லி, மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், பெங்களூருவிலும் உண்டு. மதுரையிலோ கோவையிலோ இருப்பவர்கள் அதற்கென ஒரு பயணம் திட்டமிட வேண்டும். உங்கள் மருத்துவரின் உடல்நலச் சான்று, ஊசிப் புத்தகம், டைட்டர் முடிவு, பாஸ்போர்ட், டிக்கெட் ஆகியவற்றோடு பிராணியையும் நேரில் காட்ட வேண்டும். ஐரோப்பாவுக்கென்று தனிப் படிவம் இருக்கிறது. நீங்கள் இறங்கும் நாட்டின் மொழியிலும் ஆங்கிலத்திலும் அதை நிரப்பி எடுத்துக்கொண்டு போங்கள். இறங்கும் நாளிலிருந்து பின்னோக்கி 10 நாளுக்குள் அதிகாரி கையெழுத்திட வேண்டும். இடையில் பொங்கல், ஆயுதபூஜை விடுமுறைகள் வந்தால் இந்த 10 நாள் 4 நாளாகச் சுருங்கிவிடும்.

பயண நாளில் கிளம்புவதற்கு நாலைந்து மணி நேரம் முன் வழக்கத்தில் பாதி உணவு. தண்ணீரை நிறுத்த வேண்டாம். கூண்டின் கிண்ணத்தில் முந்தின இரவே தண்ணீர் ஊற்றி உறைய வைத்து மாட்டினால், ஏற்றும்போது சிந்தாமல் வழியில் உருகிக் குடிக்கக் கிடைக்கும். நீங்கள் உடுத்தித் துவைக்காத லுங்கியோ பழைய புடவையோ விரிப்பாக இருக்கட்டும், மோப்பத்துக்கு அது போதும். புது மெத்தை வேண்டாம். கூண்டின் மேல் பிராணியின் பெயர், படம், உங்கள் தொலைபேசி எண், சான்றுகளின் நகல் ஆகியவற்றை ஒட்டுங்கள். அசல் உங்கள் கைப்பையில்.

பூனைக்காரர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. பாதுகாப்புச் சோதனையில் பை எக்ஸ்-ரேக்குள் போகும், பூனையை நீங்கள் கையில் தூக்கிக்கொண்டு வாயிலைக் கடக்க வேண்டும். ஒலிபெருக்கி அலறும் இடத்தில் பயந்த பூனை கையில் நிற்காது. மீனம்பாக்கம் விமான நிலையத்தின் கூரைக் கம்பிகளுக்குள் போய்விட்டால் மீட்பது கடினம். உடம்பைச் சுற்றிக் கட்டும் பட்டையை மாதக்கணக்கில் வீட்டில் பழக்கி, அன்று கயிறோடு மாட்டி வையுங்கள். திறந்த கூடத்தில் பையைத் திறப்பதற்குப் பதிலாகத் தனி அறையில் சோதிக்கும்படி கேளுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

இறங்கிய பின்

ஐரோப்பாவில் சுங்கத்தின் சிவப்பு வழியில் போய்ப் பிராணி இருப்பதைச் சொல்ல வேண்டும். பச்சை வழியில் நடந்துவிட்டால் தாள் சரியாக இருந்தாலும் குற்றம். அந்தச் சான்றிதழ் நான்கு மாதம்வரை ஒன்றியத்துக்குள் சுற்றச் செல்லும். அதற்குள் உள்ளூர் மருத்துவரிடம் ஐரோப்பியப் பிராணிப் பாஸ்போர்ட் வாங்கிவிடுங்கள். ஜெர்மனியில் நாய்க்கு உள்ளாட்சி வரி உண்டு, நகராட்சியில் பதிவு செய்ய வேண்டும். பெர்லின், ஹாம்பர்க் போன்ற இடங்களில் நாய் பிறருக்குச் செய்யும் சேதத்துக்கான காப்பீடும் கட்டாயம். சிப் எண்ணைப் பதிவேட்டில் உங்கள் புது முகவரியோடு மாற்றிக்கொள்ளுங்கள். வழிதவறிய நாயைக் கண்டெடுப்பவர் சென்னை எண்ணுக்குப் போன் செய்ய மாட்டார்.

முதல் வாரம் வயிற்றுப்போக்கு வரலாம். பழைய உணவில் ஒரு பொட்டலம் கொண்டுபோய்ப் புதியதோடு சிறிது சிறிதாகக் கலந்து மாற்றுங்கள். முதல் மாதம் நாயைக் கயிறில்லாமல் விடாதீர்கள், பூனையை வெளியே விடாதீர்கள். புது ஊரில் ஓடினால் திரும்பி வர அதற்கு வழி தெரியாது.

நிரந்தரமாகத் திரும்புவோருக்கு ஒரு குறிப்பு. இந்தியாவுக்குள் பிராணியைக் கொண்டுவரவும் ஏ.கியூ.சி.எஸ்.ஸின் முன் அனுமதி வேண்டும். குடிபெயர்ந்து திரும்பும் ஒருவர் இரண்டு பிராணிவரை லக்கேஜாகக் கொண்டுவரலாம். சில ஆண்டு கழித்துத் திரும்பும் எண்ணம் இருந்தால் இங்கிருந்து கொண்டுபோன ஒவ்வொரு தாளையும் பத்திரப்படுத்துங்கள். ரேபீஸ் பூஸ்டரின் தேதியை அங்கேயும் தவறவிடாதீர்கள்.